சின்னக்கானல் முதல் பாலக்காடு வரை: அக்காவின் கண்ணுக்கு மின்சாரம் வைக்கப் போன பயணம்

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். சின்னக்கானல் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். வழியும் நேரமும் வேண்டுமென்றால் குறித்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடுங்கள். நல்லேப்பிள்ளியில் சித்தி வீட்டு நெல் மூட்டை அறையில் உட்கார்ந்து, அம்மாவின் போனில் எழுதுகிறேன். வெளிச்சம் கதவிடுக்கில் தெரியாதபடி தலையோடு துப்பட்டாவைப் போர்த்தியிருக்கிறேன். நெல் தூசியில் தும்மல் வருகிறது. தும்மினால் மாட்டிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் எங்கள் எஸ்டேட் ரோட்டில் ஜீப் சரிந்து அக்காவுக்குத் தலையில் அடிபட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு நசுங்கிவிட்டது. இடது கண் முழு இருட்டு. வலது கண்ணில் ஜன்னல் எங்கே இருக்கிறது, ஆள் எங்கே நிற்கிறார் என்பது மட்டும் நிழலாகத் தெரியும். பாலக்காட்டில் ஒரு கண் மருத்துவமனையில் இப்படிப்பட்ட நரம்புக்கு மெல்லிய மின்சாரம் வைத்துப் பார்க்கிறார்கள் என்று சித்தப்பா விசாரித்துச் சொன்னார். வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், ஆறு வாரம். பள்ளி விடுமுறை என்பதால் நேற்றே கிளம்பினோம். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்குத் துணை அம்மா, அம்மாவுக்குத் துணை நான்.

காலை 5.45க்குச் சின்னக்கானலில் ஜீப். மூணாறு வரை 22 கிலோமீட்டர், ஆளுக்கு ஐம்பது ரூபாய். அக்கா முன் சீட்டில். "பாப்பா பத்திரமா பிடிச்சுக்கோ" என்று டிரைவர் அண்ணன் வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னால் இரண்டு காய்கறி மூட்டைக்கு நடுவில் இருந்தேன். என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்ல யாருமில்லை.

மூணாறில் 7.30க்கு உடுமலைப்பேட்டை பஸ். கொஞ்சம் முன்னாடியே போனால்தான் இடம் கிடைக்கும். ஜன்னல் சீட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது. அம்மா அதில் அக்காவை உட்கார வைத்தாள்.

"கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கும்மா ஜன்னலு?" என்றேன்.

அம்மா தொடையில் கிள்ளினாள். "வாய மூடுட்டி. நீ பாத்து அவளுக்குச் சொல்லு. அதுக்குத்தான் உன்னயக் கூட்டிட்டு வந்துருக்கு."

ஆக, நான் அக்காவின் மடிக்கு மேலாகக் கழுத்தை நீட்டிப் பார்த்து, பார்த்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். மறையூர் வரை தேயிலை, பிறகு கரும்பு, அதற்கப்புறம் காடு. சின்னாறு சோதனைச் சாவடியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. மான் ஒன்று ரோட்டைக் கடந்தது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. ஒன்றாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

உடுமலைப்பேட்டைக்கு 10.50க்கு வந்து சேர்ந்தோம். மூணாறிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டில் பூக்கார அம்மா ஒருத்தி அக்காவின் கருப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஒரு முழம் மல்லிகையை அவள் தலையில் சும்மா வைத்துவிட்டாள். என் தலையிலும் பின்னல் இருக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ரோட்டோரம் வாய்க்கால் கூடவே வந்தது. அம்மா தூங்கிவிட்டாள்.

"இப்ப என்ன வருது பிள்ள?" என்றாள் அக்கா.

"வாய்க்கா. தண்ணி நடுவுல ஒண்ணுமில்ல, ஓரத்துல மட்டும் வெயிலு மின்னுது. நீலக் கண்ணாடி வளையல ஒடச்சு விசிறுன மாதிரி."

"இன்னொரு மட்டம் சொல்லு."

சொன்னேன். அவள் உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அன்றைக்கு என்னிடம் யாராவது எதையாவது திரும்பக் கேட்டது அப்போதுதான்.

பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டு, கொழிஞ்சாம்பாறை வழியாகச் சித்தூர் போகும் பஸ் பிடித்தோம். நல்லேப்பிள்ளியில் இறங்கும்போது மணி 2.20. தமிழ்நாட்டுக்குள் போய்த் திரும்பவும் கேரளாவுக்குள் வருகிறோம் என்பது கடைப் பலகைகளைப் பார்த்தால்தான் தெரியும், பேச்சில் தெரியாது. சித்தப்பா வயலில் இருந்து அப்படியே ஓடி வந்தார். "வாங்கக்கா, ஊட்டுக்குள்ள வாங்க. அம்மணி, மெதுவா படி ஏறு சாமி." சாமி என்றது அக்காவை. எனக்குப் பையை உள்ளே வைக்கும் வேலை.

இன்று காலை மருத்துவமனை. நல்லேப்பிள்ளியிலிருந்து பாலக்காட்டுக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். வாசலில் சித்தப்பா அக்காவிடம் புத்தி சொன்னார். "டாக்டர் பெரியவருங்க. அவரு கேட்டா இல்லீங்க, தெரியலீங்கன்னு பட்டுனு சொல்லப்படாது அம்மணி. மனசு ஒடஞ்சு போயிருவாரு. ஆமாங்கன்னு தன்மையா பேசோணும்." சித்தப்பா யாரிடமும் இல்லை என்று சொல்லமாட்டார். இந்தப் பக்கத்து மரியாதை அப்படி. விருந்தாளி சோறு போதும் என்று சொன்னால்கூட இங்கே முகம் வாடிவிடும்.

டாக்டர் மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார். செத்துப்போன நரம்பை மின்சாரம் பிழைக்க வைக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பாதி உயிரோடு இருக்கும் இழைகளைத் தட்டி எழுப்ப முடியுமா என்று பார்ப்பதுதான் இது. இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் பலன், சிலருக்கு ஒன்றுமே இல்லை, நான் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் காதில் "பலன்" மட்டும்தான் விழுந்திருக்கும்.

முதல் நாள் அளவெடுப்பது மட்டுந்தான். அறையை இருட்டாக்கினார்கள். கண் மரக்கச் சொட்டு மருந்து விட்டு, வலது கண்ணின் கீழ் இமையோரம் நூல் போல ஒரு மெல்லிய கம்பியைப் படியவைத்து, நெற்றிப் பொட்டில் ஒரு வில்லை ஒட்டினார்கள். மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஏதோ ஒரு அளவில் கண்ணுக்குள் மினுக்கென்று ஒளி தோன்றும். வெளியே ஒன்றும் இருக்காது, நரம்பு தானாகக் காட்டுவது அது. ஒளி முதலில் எப்போது தெரிகிறது என்று நோயாளிதான் சொல்லவேண்டும். அந்த அளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்துத்தான் ஆறு வாரமும் சிகிச்சை.

"இப்போ தெரியுதா மோளே?"

"இல்ல."

பக்கத்தில் அம்மா மூச்சை இழுத்தாள்.

"இப்போ?"

"இல்ல."

அம்மா வாய்க்குள் மாதாவே மாதாவே என்றாள். மறுபடி கூட்டினார். மறுபடி இல்லை. அம்மாவின் வளையல்கள் நடுங்கும் சத்தம் இருட்டில் நன்றாகக் கேட்டது.

"இப்போ?"

அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சென்றது. பிறகு, "தெரியுதுங்க" என்றாள்.

"எப்படித் தெரியுது?"

"நடுவுல ஒண்ணுமில்ல. ஓரத்துல மட்டும் மின்னுது. நீலக் கண்ணாடி வளையல ஒடச்சு விசிறுன மாதிரி."

அம்மா அழுதே விட்டாள். டாக்டர், "கொள்ளாம், நல்லா சொல்லுது" என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் சித்தப்பா போனை எடுத்து அப்பாவுக்கு, கொழிஞ்சாம்பாறை மாமாவுக்கு, எல்லோருக்கும் சொன்னார். "வளையல ஒடச்சு விசிறுனாப்புல தெரியுதாமுங்க! புள்ள என்னமா பேசுது பாருங்க!" என் வாக்கியம் என் கண் முன்னால் வீடு வீடாகப் போனது. நான் சொன்னபோது கேட்க ஆளில்லை. அவள் சொன்னதும் சித்தி பாயசம் வைத்தாள்.

இரவு படுத்ததும் அக்காவின் காதில் சொன்னேன். "அது என் வளையலு."

அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"வாய்க்காலப் பாத்து நான் சொன்னது. ஒனக்கு ஒண்ணும் தெரியல, என்ன?"

"தெரியல பிள்ள." குரல் வரவேயில்லை, காற்றுதான் வந்தது. "நான் இல்லன்னு சொல்லச் சொல்ல அம்மா செத்துச் செத்துப் பொழைக்கா. நான் என்ன செய்யட்டும்?"

"இன்னும் கூட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்லா. மிசின்ல இன்னும் எவ்வளவோ மிச்சம் இருந்துச்சு, நான் பாத்தேன்."

"கூட்டியும் தெரியலன்னா? வீட்டுக்குப் போன்னு அனுப்பிருவாங்க. அதுக்கு இந்தப் பொய்யே தேவல." என் பக்கம் திரும்பி, "நீ போய்ச் சொன்னாலும் யாரு நம்புவா? பொறாமையில சொல்லுதான்னுதான் நெனைப்பாங்க."

அதுதான் உண்மை. வீட்டில் என் பேரே பொறாமைக்காரி. அக்காவுக்கு அடிபட்ட புதிதில் எனக்கும் கண் மங்குகிறது என்று சொல்லி, டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்னதில் இருந்து அம்மா என் பேச்சில் பாதியைத்தான் காதில் வாங்குகிறாள். இப்போது போய் "அக்காவுக்கு ஒளி தெரியவில்லை" என்றால் என்ன ஆகும்? பாயசத்தில் மண் போட வந்தவள் என்பார்கள். எனக்கே சந்தேகமாக இருக்கிறது. அக்கா கண்ணுக்காகச் சொல்ல நினைக்கிறேனா, என் வளையலைத் திரும்ப வாங்கச் சொல்ல நினைக்கிறேனா? இரண்டும்தான். இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

ஆனால் நாளை காலை 9.30க்கு முதல் அரை மணி நேரம். பொய்யாகச் சொன்ன குறைந்த அளவில் மின்சாரம் வைத்தால் ஆறு வாரமும் அவள் நரம்பை யாரும் தட்டியிருக்கமாட்டார்கள். கடைசியில் பலனில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அப்போதும் அவள் வாயைத் திறக்கமாட்டாள், எனக்குத் தெரியும்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இதுதான். மூணாறு பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நில்லுங்கள். மலை இறங்கும்போது வாந்தி வருகிறவர்களுக்கு எலுமிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு அறைக்குள் அம்மாவை விடாதீர்கள், வெளியே உட்கார வையுங்கள். டாக்டர் கேட்டால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், எத்தனை முறை கேட்டாலும். அவர் மனம் உடையாது. அவருக்கு வேண்டியது அந்த "இல்லை"தான்.

பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் டிரைவரும், சும்மா கிடைக்கும் பூவும், ஜன்னல் சீட்டும் எல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும். நிஜமாகவே அவள் கண்ணுக்குள் ஏதாவது மின்னினால், அது எப்படி இருந்தது என்று அவள் தன் வார்த்தையில் எனக்குச் சொல்லவேண்டும். அதை நான் எங்கேயும் பார்த்திருக்கமாட்டேன். அப்போது இன்னும் அதிகமாகப் பொறாமைப்படுவேன். பரவாயில்லை.

இன்றிரவு அம்மா எழுந்து போனைத் தேடி வந்தால் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வராவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. நானாகப் போய் எழுப்பும் தைரியம்

கதவு தட்டும் சத்தம். அக்கா என்றால் முதலில் சுவரைத் தடவும் சத்தம் கேட்கும். கேட்கவில்லை. வளையல் சத்தம்தான் கேட்கிற