மரத்துக்கு வாங்கின வார்

இன்னைக்கு நடந்ததைச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

போன வாரம் புக்கிட் பாத்தோக் சேத்துல எங்க சர்வே ஜீப் மாட்டிக்கிச்சு. டிரைவர் ராமையா, பம்பர்ல இருக்கிற வின்ச் இழுவைக் கம்பியை ஒரு ரம்புத்தான் மரத்துல சுத்தி இழுத்தான். ஜீப் வந்துச்சு, கூடவே மரத்துப் பட்டையும் வந்துச்சு. மரத்துக்குச் சொந்தக்கார மலாய் அம்மா, மக்சிக்னு கூப்பிடுவோம், குனிஞ்சு உரிஞ்ச இடத்துல சேத்தை அள்ளி அப்பினாங்க.

அந்த முகம் மறக்கல. இன்னைக்குக் காலையில சுங்கை ரோட்டுல பட்டாளத்துப் பழைய சாமான் விக்கிற பாய்கிட்ட போய், மரத்துல சுத்தி ஜீப்பை இழுக்கணும்னு சொல்லி ஒரு கயித்தை எடுத்தேன்.

"அது மரத்தை அறுக்கும் தம்பி. ஒரு சாண் அகலத்துல கான்வாஸ் வார் எடுங்க, பட்டையில பதியாது லா"ன்னார்.

தையல் தையலா இழுத்துப் பார்த்து ஒண்ணு வாங்கினேன்.

மத்தியானம் அதே சேறு, அதே ஜீப். வாரை மரத்துல சுத்தி அதுல கம்பியை மாட்டுன்னு ராமையா கையில கொடுத்துட்டு மக்சிக்கிட்ட கேக்கப் போனேன். வாரைப் பத்திச் சொன்னதும் சரின்னு தலையாட்டினாங்க.

நாங்க திரும்பி வர்றதுக்குள்ள ராமையா இழுத்து முடிச்சிருந்தான். கம்பி வெறும் மரத்துல. வார் நாலா மடிச்சு பம்பர் மேல!

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

"கம்பி உரசி பெயிண்ட் போயிடும்ணே. வெள்ளிக்கிழமை தவறாம நான் சந்தனம், குங்குமம் வெக்கிற இடம்."

பம்பர்ல ஒரு கீறல் இல்ல. மக்சிக் மறுபடியும் சேறு அள்ளக் குனிஞ்சாங்க.

நீங்களே சொல்லுங்க. அந்த வாரால நாளைக்கு மரத்தைச் சுத்திக் கட்டவா, ராமையாவைச் சுத்திக் கட்டவா?