பஸ் வாந்தி இல்லை என்று சொன்னவர்

வியாழக்கிழமை காலை விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது கொடைக்கானலிலிருந்து போன் வந்தது. "அத்தா மவுத்தாயிட்டாங்கம்மா" என்று தன் தகப்பனார் இறந்த சேதியைச் சொன்னார் காதர் பாயின் மகன். தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கீழே போட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே சோடாக்கடை வைத்திருந்த பாயை உங்களில் பலருக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் இன்று உயிரோடு இருப்பது அவரால்தான் என்பது தெரியாது.

ஆறு வருடம் முன்பு, கொடைக்கானல் குறிஞ்சியாண்டவரைக் கும்பிடப் பழனியிலிருந்து பஸ்ஸில் போனோம். இவருக்கு மாதக்கணக்காக இடது காதில் சீழ். ஒன்பது நாளாகத் தலைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். ஒவ்வொரு நாளையும் காலண்டரில் குறித்து வைத்திருந்தேனே தவிர, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தார். பஸ்ஸில் பாதிப் பேர் எடுத்தார்கள். இறங்கியதும் பாய் கடையில் உட்காரவைத்து எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தேன்.

பஸ்ஸில் கூட வந்த பையன்கள் பத்து நிமிடத்தில் தேறி, பஜ்ஜி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். "ஏலே, காலி பண்ணுன எடத்த உடனே நெரப்பணுமாக்கும்!" என்று பாய் கிண்டல் செய்தார். ஆனால் அவர் கண் இவர் மேலேயே இருந்தது. ஒரு மணி நேரமாகியும் இவர் தலையைப் பிடித்தபடி இருந்தார். வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. "அந்த... இது..." என்றார். கிளாஸ் என்ற சொல் வரவில்லை.

நான் திருநீறு எடுத்துப் பூசினேன். பாய் கடையை விட்டு இறங்கி வந்தார்.

"காதுல எதுக்குப் பஞ்சு?"

சொன்னேன். காய்ச்சலையும் சொன்னேன்.

"திருநீறு பூசுங்க தங்கச்சி, வேணாங்கல. ஆனா முப்பது வருசமா வாந்தி எடுத்து எறங்குறவங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். இது பஸ் வாந்தி இல்ல. வெரசா ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

"சாமியப் பாத்துட்டுப் போயிர்றோமே, பாய்."

"சாமி எங்கயும் போயிறாது. இவரு போயிருவாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவரே ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிவரை கூட வந்தார். "காதுச் சீழையும் சொல்லுங்க, ஒண்ணையும் விட்றாதீங்க" என்று என்னை டாக்டர் முன்னால் தள்ளிவிட்டார். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் மூளைக்குள் சீழ்க்கட்டி. காதிலிருந்து பரவியிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார்கள். உடனே ஆபரேஷன், பிறகு வாரக்கணக்கில் ஊசி.

அதன் பிறகு இவருக்குத் தலை வலித்தால் நான் முதலில் அழைத்தது பாயைத்தான். "எப்பவும் வர்ற வலியா, புதுசா? பேச்சு நல்லாருக்கா?" என்பார். "எதுக்கும் டாக்டர்ட்டக் காட்டிருங்க, எனக்குச் சோடா ஒடைக்கத்தான் தெரியும்" என்றும் சொல்வார்.

நேற்று இவர் தலை வலிக்கிறது என்றார். கை தானாகப் போனை எடுத்தது. வைத்துவிட்டு, நானே கேட்டேன்.

"எப்பவும் வர்றதுதான், மொறைக்காத."

இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். பாய் எனக்கு விட்டுப்போனது இதுதான்: வலிக்கிறவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சக்கர கம்மியா ஒரு காப்பி போடேன்" என்றார் கடைசியில். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. எழுந்தேன்.