வெர்லீன் ஹட்டோவும் நெடுஞ்சாலைப் பலகையும்

டாலிவர் பல்கலைக்கழகத்தில் வெர்லீன் ஹட்டோவுக்கு 'மிஸ் கூடாது' என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. வைத்தவர் ராஸ்கோ பிகெட். நெடுஞ்சாலையோரத்தில் பன்றி விலாக்கறி சுட்டு விற்பவர். பல்கலைக்கழக அணிகள் என்றால் உயிரை விடுபவர். அந்தப் பெயரைக் கேட்டு வெர்லீன் கோபப்பட்டதே இல்லை. சம்பளமே அதற்குத்தானே வாங்குகிறேன் என்பார்.

விளையாட்டுத் துறையின் விதிகள் அலுவலகத்தில் அவருக்கு வேலை. மாணவ ஆட்டக்காரர்கள் யாரிடமிருந்தும் எதையும் கைநீட்டி வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை கிடைத்தவர்களுக்குப் படிப்பும் அறையும் சாப்பாடும் உண்டு. அதற்கு மேல் யாராவது ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தாலும் ஆட்டத்திலிருந்து விலக்கிவிடுவார்கள். வெர்லீன் அங்கே கூடைப்பந்து ஆடிய நாட்களில், கால்பந்து ஆட்டம் முடிந்ததும் ஊர்ப் பெரிய மனிதர்கள் இறங்கிவந்து பையன்களின் கையைக் குலுக்குவார்கள். குலுக்கிய கைக்குள் மடித்த நோட்டு இடம் மாறும். ஊருக்கே தெரியும், ஆனால் கண்ணால் கண்டவர் யாருமில்லை. "எங்க பொண்ணுங்க கையை ஒருத்தரும் குலுக்கலை. அதனாலதான் நான் யோக்கியமா இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார்.

விதிகளின் கூத்தை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். காலையில் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுக்கலாம். அதில் கொஞ்சம் க்ரீம் சீஸ் தடவிவிட்டால் அது சாப்பாடு ஆகிவிடும், சாப்பாடு கூடாது. பயிற்சி முடித்து வரும் பையன்கள் வெறும் ரொட்டியை மென்று விழுங்குவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவர். சீஸ் டப்பாவைத் தன் கையாலேயே எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியதாகச் சொல்வார்.

பிறகு விதிகள் ஒவ்வொன்றாக இளகின. வயிறாரச் சாப்பாடு போடலாம் என்றார்கள். உதவித்தொகைக்காரர்களுக்குக் கைச்செலவுக்கும் கொடுக்கலாம் என்றார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்று ஜூலை முதல் தேதி வந்தது பாருங்கள், அன்றைக்குத்தான் பூமி புரண்டது. இனி ஆட்டக்காரர் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்றுக் காசு பார்க்கலாம்.

அன்று காலை கெசாயா மோப்லி வேகவேகமாக அலுவலகத்துக்குள் வந்தாள். சாஃப்ட்பால் அணியில் மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவள். அவளுக்கு உதவித்தொகை இல்லை; சொந்தச் செலவில் படித்துக்கொண்டு ஆடினாள். கோழி வெட்டும் ஆலையில் கோடை முழுக்க நின்றாலும் இலையுதிர்காலக் கட்டணம் தேறாது. படிப்பை விட்டுவிட்டு ஆலைக்கே போய்விடுவதாக முந்தைய வாரம்தான் பயிற்சியாளரிடம் சொல்லி அழுதிருந்தாள். இப்போது ராஸ்கோ அவள் முகத்தைத் தன் கடையின் விளம்பரப் பலகையில் போட்டுக்கொள்ள ஆறாயிரம் டாலர் தருகிறாராம்; பலகையை விடியும்போதே ஏற்றியும்விட்டாராம். கட்டணம் போக மிச்சம்கூட இருக்கும்.

வெர்லீன் ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தார். குறை ஒன்றும் தென்படவில்லை. கை பரபரத்தது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட அந்த வேலையில் அவருக்கு அதுவரை வாய்த்ததே இல்லை. பேனாவை எடுத்தார். தொலைபேசி அடித்தது.

பேசியவர் விளையாட்டு இயக்குநர். நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தவர் பலகையைப் பார்த்துவிட்டார். பலகையில் கெசாயா சிவப்புச் சீருடையில் சிரிக்கிறாள். நெஞ்சில் பல்கலைக்கழகத்தின் சின்னமான நாரை, ஆள் உயரத்துக்கு. முகம் அவளுடையது, விற்றுக்கொள்ளலாம். நாரை பல்கலைக்கழகத்தின் சொத்து. மத்தியானத்துக்குள் நாரை மறைய வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்று எழுதிவிடுங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வெர்லீன் அதைக் கெசாயாவிடம் சொன்னார். "சீருடை இல்லாம என்னை யாருக்கு அடையாளம் தெரியும் மேடம்? அதான் போட்டுக்கிட்டேன்" என்றாள்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்திருக்கக்கூடிய தப்புதான் அது. அங்கே கல்யாணத்துக்கும் சிலர் நாரைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள்.

வெர்லீன் கார் சாவியை எடுத்தார். அதிலும் ஒரு விதி இருந்தது: அலுவலகத்தார் ஒப்பந்தம் பிடித்துக் கொடுக்கவோ, விளம்பர வேலையில் கைகொடுக்கவோ கூடாது. விதி என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லலாம். வழியெல்லாம் அதை அவர் கெசாயாவிடம் விளக்கிக்கொண்டே போனார். கார் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகப் போனது.

ராஸ்கோ கடை வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க தாயே, இன்னைக்கும் கூடாதா? முதல் நாள் பாருங்க, ஒரு நாள் லீவு போட்டிருக்கலாம்ல?" என்றார்.

"உங்க மூளைதான் வருஷம் பூரா லீவுல இருக்கே ராஸ்கோ. நாரையை யார் போடச் சொன்னது?"

அவர் தலையைச் சொறிந்தார். புதுப் படம் அச்சடித்து வர ஒரு வாரம் ஆகும். பலகையை இறக்கினால் ஒப்பந்தமும் போச்சு. நாரையின் மேல் ஒரு பன்றியை வரைந்துவிடலாம், கடைக்கும் பொருத்தம் என்று ஒரு யோசனை சொன்னார்.

"என் நெஞ்சுல பன்னியா? ஆலைக்கே போயிடறேன் சார்" என்றாள் கெசாயா.

மூவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொன்று தாண்டிவிட்டது. வெர்லீனுக்கு நாக்கின் நுனியில் ஏதோ வந்து முட்டியது. சொன்னால் கைகொடுத்தது ஆகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசியில் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆட்டத்தில் நீ இந்தக் கோலத்திலா நிற்பாய்?

கெசாயா ஒரு கணம் விழித்தாள். அடுத்த கணம் ராஸ்கோவின் கொட்டகைப் பக்கம் ஓடினாள். பந்து பிடிப்பவள் சீருடைக்கு மேல் மார்புக் கவசம் கட்டியிருப்பாள். ஆட்டம் முழுக்க அவள் நெஞ்சு நாரையை யாரும் பார்த்ததே இல்லை. அடுப்புக்குப் பூசும் கறுப்பு பெயிண்ட் ஒரு டின் கிடைத்தது. ஏணியைச் சாத்தினார்கள். ராஸ்கோ அடியில் பிடித்துக்கொள்ள, கெசாயா ஏறித் தன் நெஞ்சின் மேல் தானே கவசம் வரையத் தொடங்கினாள்.

வெர்லீன் ஏணியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழே நின்றார்.

"எனக்குக் கண்ணுல படுறதை மட்டும்தான் சொல்றேன்" என்றார். "இன்னும் அலகு தெரியுது."

கெசாயா அலகின் மேல் பூசினாள்.

"எனக்கு ஒரு கால் தெரியுது. யாரையும் பூசச் சொல்லலை. தெரியுதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

ராஸ்கோ சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது. மேலிருந்து அவருக்கு ஒரு திட்டு விழுந்தது. போகிற லாரிக்காரர்கள் பலகையில் ஒரு பெண்ணையும், அதன்மேல் தொற்றிக்கொண்டிருக்கும் அதே பெண்ணையும் பார்த்து ஹார்ன் அடித்தார்கள். ஒருவர் அடித்தால் பின்னால் வருகிற எல்லோரும் அடித்தார்கள். அவள் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு தூரிகையை ஆட்டினாள். ஆடுகளத்தில் நின்ற நாட்களில்கூட வெர்லீனுக்காக இப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன; இந்தப் பிப்ரவரியில் வெர்லீனை அடக்கம் செய்தபோது கெசாயா வந்திருந்தாள். இப்போது பல்கலைக்கழகமே தன் விளையாட்டு வருமானத்தில் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பங்கு பிரித்துக் கொடுக்கிறது. அந்த வேலைக்கென்றே ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் எல்லாம் தொடங்கியது அந்த ஜூலை முதல் தேதி பகல், பெயிண்ட் காய்வதற்குள், இயக்குநரின் கார் வந்து ஓரத்தில் நின்றபோதுதான்.

அவர் இறங்கி வெகுநேரம் பலகையைப் பார்த்தார். நாரை இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. முதல் நாள், மாநிலமே பார்த்துக்கொண்டிருக்கிறது. கெசாயா ஏணியின் பாதியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சட்டை சிவப்பாத்தானே இருக்கு? அது நம்ம சிவப்புதானே?" என்றார் இயக்குநர்.

சந்தேகம் வந்தால் கூடாது என்று சொல்லிவிடு. அப்படித்தான் அந்த அலுவலகம் நடந்துவந்தது. வெர்லீனும் அப்படித்தான் நடந்துவந்தார். அவர் பலகையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார்.

"சிவப்பு யாருக்கும் சொந்தமில்ல சார். பேரு இல்ல, சின்னம் இல்ல. அந்தப் பொண்ணு மட்டும்தான் இருக்கா. நான் சரின்னு எழுதப்போறேன்."

"தப்பாப் போச்சுன்னா?"

"எழுதினது நான்தான்னு சொல்லுங்க."

இயக்குநர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்து நடந்தார். வெர்லீன் ஒப்பந்தத்தைத் தன் காரின் பானட்டில் விரித்தார். வெயிலில் தகரம் கையைச் சுட்டது. கையெழுத்தைப் போட்டு, அடியில் ஒரு கோடும் இழுத்தார். பிறகு, வேலை நேரத்தில் ஒருநாளும் குரலை உயர்த்தாத அந்த மனுஷி, தலையை உயர்த்தி, நெடுஞ்சாலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"இறங்கி வாடி பொண்ணே! ஆகஸ்ட்ல கிளாஸ் ஆரம்பிக்குது!"