இருபத்தொன்பது எழுத்து மரியாதை

லிஃப்ட் மெக்கானிக்குக் குடும்பம் வைத்த பட்டப்பெயர் டிக்‌ஷனரி. ஞாயிறு மாலை அம்மா வீட்டில் கூடி ஆடும் சொல் விளையாட்டில், நீளமான ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டு எல்லோரையும் வாய்பிளக்க வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்படி ஒருநாள், ‘ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்’ என்று மூச்சுவிடாமல் சொல்லி, இருபத்தொன்பது எழுத்தையும் எழுதிக் காட்டினார்.

“அர்த்தம் என்ன மச்சான்?” என்றார் தங்கையின் கணவர்.

எழுத்தை மனப்பாடம் செய்தவர் அர்த்தத்தைப் பார்த்திருக்கவில்லை. தெரியாது என்றால் பட்டம் பறிபோய்விடுமே!

“அளவில்லாத மரியாதை” என்று அடித்துவிட்டார்.

வீட்டுக்குப் போய் அகராதியைப் புரட்டியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்றை எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கித் தள்ளுவதாம். யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள் என்று மனசாட்சியைத் தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தார்.

அடுத்த வாரம் அம்மாவின் பிறந்தநாள். மாப்பிள்ளை தந்த வாழ்த்து அட்டையில், ‘அத்தை, உங்கள் மேல் எனக்குள்ள’ என்று தொடங்கி, அந்தச் சொல் ஒரு எழுத்துப் பிசகாமல் வீற்றிருந்தது. கீழே அர்த்தமும் இருந்தது, டிக்‌ஷனரி அன்று அடித்துவிட்ட அர்த்தம்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாருடா, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை! பெத்த புள்ள நீ என்னிக்காவது ஒரு வரி எழுதியிருக்கியா?”

“அம்மா, அது வந்து…”

“என்ன வந்து போயி? நீயும் கீழ கையெழுத்துப் போடு. சட்டம் போட்டு ஹால்ல மாட்டப்போறேன்.”

மாப்பிள்ளை பணிவோடு பேனாவை நீட்டினார். அம்மா ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற தாய் எதற்கும் லாயக்கில்லை என்பதற்குச் சாட்சியாக, டிக்‌ஷனரி கையெழுத்துப் போட்டார்.