ஒரு பக்கம் இல்லாத தொட்டில்

தங்கை குழந்தைக்குத் தாய்மாமன் சீராக நான் வாங்கிய தொட்டிலைப் பிரித்ததும் மரவாசனை குப்பென்று அடித்தது. "இந்தப் பக்கத்தை இறக்கிட்டா கட்டிலோட சேர்ந்துக்கும் சார், புது மாடல்" என்றார் கடை ஆள்.

புது மாடலாம்! இதே காட்டூர் வீட்டில் தங்கை ஸ்டெல்லா பிறந்தபோது நான் மூன்றாவது படித்தேன். ஆபரேஷன் ஆன அம்மாவால் எழுந்து குனிய முடியவில்லை. மாமா கொண்டுவந்த புத்தம்புதுத் தொட்டிலின் ஒரு பக்கத்தை அப்பா ரம்பத்தால் அறுத்தே எடுத்துவிட்டார். வீடெல்லாம் மரத்தூள்.

"என்ன மச்சான், புதுசைப் போய் அறுக்கிறீங்க!" என்று மாமா பதறினார். அப்பா காதிலேயே வாங்கவில்லை. தொட்டிலை அம்மா கட்டிலோடு கயிற்றால் கட்டினார். இரண்டு மெத்தைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார்.

"விரல் போற சந்துல குழந்தை மூக்கு மாட்டிக்கும்" என்று அவிழ்த்து மறுபடி இறுக்கினார். ஆணி அடித்தாலே கோணிப்போகும் அவருக்கு. அன்று என் கண்ணுக்கு அவரைவிடப் பெரிய தச்சன் ஊரில் இல்லை. ஸ்டெல்லாவுக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா இறந்துவிட்டார்.

"அண்ணா!"

கட்டிலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா, கடை ஆள் சேர்த்துவைத்த தொட்டில் மெத்தைக்கும் கட்டில் மெத்தைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் போகுது. இது வேணாம், வேற கொண்டுவரச் சொல்லுண்ணா."