எருமைக்கு வைத்திருந்த தக்காளி

பாலக்கோட்டில் பிறந்தவளுக்குத் தக்காளி விஷயத்தில் கொஞ்சம் திமிர் இருக்கும். எனக்கு நிறையவே இருந்தது. அப்பா வீட்டில் எங்களுக்குச் சோறு போட்டது, பாவாடை வாங்கிக் கொடுத்தது, கடைசியில் கல்யாணம் செய்துவைத்தது எல்லாமே தக்காளிதான். கட்டிக்கொடுத்த இடமோ இண்டூரைத் தாண்டி, பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊர். எண்பதுகளின் நடுவில் நான் அங்கே போனபோது கிணறு இருந்தது, மோட்டார் இருந்தது, தண்ணீரும் இருந்தது. அத்தனையும் வைத்துக்கொண்டு கிணற்றுக் கொல்லையில் கேழ்வரகு விதைத்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

கொல்லையில் எல்லாம் என் மாமியார் வைத்ததுதான் சட்டம். மாமனார் காலமான பிறகு அத்தைதான் தனி ஆளாக நின்று பயிர் செய்து, மகனை ஆளாக்கியவர். எதை விதைப்பது, எப்போது அறுப்பது என்று ஏர் ஓட்ட வருகிறவர் அத்தையைத்தான் கேட்பார். எங்கள் வீட்டுக்காரர் அம்மா பக்கமும் பேசமாட்டார், என் பக்கமும் பேசமாட்டார். எருமையிடம் மட்டும் நன்றாகப் பேசுவார்.

நான் விடவில்லை. தண்ணீர் எடுக்கும்போது தக்காளி, களி கிண்டும்போது தக்காளி என்று ஒரு வருஷம் நச்சரித்தேன். ஒருநாள் அத்தை களித் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"சரி, பாலக்கோட்டு மகாராணி, போட்டுத்தான் பாரு. ஆனா வெளைய வச்சா மட்டும் பத்தாது, வித்துக் காட்டணும். விக்கலன்னா ஏரக் கட்டி ஓட்டிட்டு கேவுரு வெதைச்சிடுவன். அப்புறம் கொல்லை சமாச்சாரத்துல நீ வாயே தொறக்கக் கூடாது, இன்னா?"

"தொறக்கமாட்டங்க அத்த," என்றேன். வாயைத் திறக்காமல் என்னால் அரைநாள் கூட இருக்க முடியாது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

விளைந்தது பாருங்கள், அடேயப்பா! செடிக்கு இலை இருக்கிறதா என்று தேட வேண்டும், அப்படிக் காய்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த வருஷம் பாலக்கோட்டிலும் அப்படியே, காரிமங்கலத்திலும் அப்படியே. தர்மபுரி மண்டியில் கூடை கூடையாகத் தக்காளி வந்து குவிந்தது. லாரி ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வராது. அதற்குள் செடியிலேயே எல்லாம் பழுத்துத் தொங்கியது.

மண்டிக்காரர் பழத்தைக் கையாலும் தொடமாட்டார். பாதி பச்சை, பாதி சிவப்பாக இருக்கிற செங்காய்தான் அவருக்கு வேண்டும். "பழத்த எதுக்கும்மா கொண்டாந்த? சேலம் போறதுக்குள்ள லாரியிலயே சட்னியாயிடும்," என்று கூடையை ஒதுக்கித் தள்ளுவார். இண்டூர் சந்தைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தேன். அங்கே எனக்கு இடப்பக்கமும் தக்காளி, வலப்பக்கமும் தக்காளி, விற்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

விற்காத பழமெல்லாம் எருமைக்குப் போனது. அத்தை ஒவ்வொரு வாளியாகத் தொட்டியில் கொட்டும்போதும் என் காதில் விழுகிற மாதிரி எருமையிடம் பேசுவார். "தின்னு, தாயி. உனுக்காகத்தான் பாலக்கோட்டுலருந்து மருமவ எடுத்தாந்திருக்கறன்."

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "திங்கக்கெழம ஏரு வரச் சொல்லிட்டன்."

அதைக் கேட்டது ஒரு வியாழக்கிழமை. அன்றைக்கே ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசியாக ஒரு தடவை மண்டிக்குப் போனேன். மண்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். கூடையோடு திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் பென்னாகரம் வண்டி ஏறினால், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

இருந்த கோபமெல்லாம் அவர் மேல் பாய்ந்தது. "போறப்பவும் லக்கேஜு, வரப்பவும் லக்கேஜா? விக்காத தக்காளிக்கு எதுக்குங்க டிக்கெட்டு? நீங்களே எடுத்துக்கங்க, கூடையோட எடுத்துக்கங்க!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து ஒரு பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்து, கடித்து, சாறு ஒழுகாமல் உறிஞ்சினார். "மண்டிக்காரன் இதயா வேணாமுன்னு சொன்னான்? எங்க டெப்போ கேண்டீன்ல ரசமுன்னு புளித்தண்ணி ஊத்தறாங்கம்மா. தக்காளின்னு ஒண்ண மெதக்க வுடுவாங்க, அது கல்லு மாதிரி கெடக்கும்."

"அங்க தக்காளி வாங்கறது யாருங்க?"

"கேண்டீன் நடத்தற பாய்தான். சமையலும் அவருதான், சாமான் வாங்கறதும் அவருதான்."

வண்டி அப்போதுதான் ஸ்டாண்டைவிட்டு நகர்ந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தி, கூடையோடு இறங்கிவிட்டேன். எடுத்த டிக்கெட் வீணாகப் போனது, அதைப் பற்றி யாருக்குக் கவலை? டெப்போ எந்தப் பக்கம் என்று கேட்டுக்கேட்டு நடந்தேன், நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்று சொல்லலாம்.

கேண்டீன் பாய் பனியனும் லுங்கியுமாக அடுப்படியில் நின்றிருந்தார். என்னைப் போலவே சத்தமாகப் பேசுகிற ஆள். கூடையைப் பார்த்ததும் ஒரு பழத்தை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, முகர்ந்து பார்த்து, "யா அல்லா, வாசனை பாரு!" என்றார். கூடையை அப்படியே எடுத்துக்கொண்டு கையில் காசு கொடுத்தார்.

"நாளைக்கு மொத வண்டிக்கு ரெண்டு கூடை கொண்டாம்மா. சரியா வந்துச்சுன்னா தெனம் எடுத்துக்கறன். டெப்போவுல எத்தன பேரு சாப்புடறாங்க தெரியுமா?"

தெனம்! அந்த ஒரு வார்த்தை ஊர் வந்து சேரும்வரை காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் கொல்லை வழியாக ஓடி, அத்தையிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தை முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் விடிவதற்கு முன்னால் எனக்கும் முன்னாடி கூடையை எடுத்துக்கொண்டு கொல்லையில் நின்றார்.

"மொதல் மொதலா ஒரு எடத்துக்குக் குடுக்கறம். மண்டியில கழிச்ச பழத்தயா குடுக்கறது? நல்ல காயா பாத்துப் பறி."

"ஆமாங்க அத்த, நானும் அதத்தான் நெனச்சன்."

பொறுக்கிப் பொறுக்கிப் பறித்தோம். கெட்டியாக, பாதிச் சிவப்பாக, மண்டிக்காரரே வாயைப் பிளக்கிற மாதிரி செங்காய் இரண்டு கூடை. கன்னிப்போனது ஒன்று கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் அத்தையும் ஒரே பேச்சாக இருந்தது அன்றைக்குத்தான். அன்றைக்கென்று பார்த்து இரண்டு பேருக்கும் சேர்ந்து புத்தி கெட்டுப்போனது.

பாய் கூடையில் கையை விட்டார். ஒன்றை எடுத்து அமுக்கினார், அமுங்கவில்லை. அடியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிறகு மேஜைமேல் அதை டொக் டொக்கென்று தட்டிக் காட்டினார்.

"என்னம்மா இது? இத வச்சு நான் கோலியா ஆடறது? நேத்து குடுத்தியே, அது எங்க? கடைக்காரன் அனுப்பற கல்லும் இதேதான. இன்னிக்குச் சமைக்கறவனுக்கு இன்னிக்குப் பழுத்ததுதாம்மா வேணும்!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையா, ஆத்திரமா என்றே தெரியவில்லை. பாலக்கோட்டுக்காரர்கள் நாங்கள் பிறந்ததிலிருந்து சேலத்துக்கும் மெட்ராஸுக்கும் போகிற லாரிக்காகத்தான் பறித்திருக்கிறோம். இரண்டு நாள் குலுங்கிப் போக வேண்டிய காயைப் பறித்துத்தான் எங்கள் கைக்குப் பழக்கம். பக்கத்திலேயே, மதியமே சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒருநாளும் பறித்ததில்லை. மண்டிக்காரர் எதைத் தள்ளினாரோ அதுதான் இவருக்கு வேண்டும்! அது எங்கள் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடக்கிறது!

"பாய், சமையலுக்குள்ள கொண்டாந்துடறங்க. அடுப்ப மட்டும் பத்த வைங்க!"

"பத்தரைக்குள்ள வந்தா ரசம். வரலன்னா நான் அந்தக் கடைக்காரனோடயே கெடந்துக்கறன்."

இரண்டு கூடையையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலில் பென்னாகரம் வண்டி புறப்பட நின்றது. நேற்றைய அதே கண்டக்டர். விஷயத்தைச் சொன்னதும் அவர் டிரைவரிடம் போய், "அண்ணே, இன்னிக்கு ரசம் உன் கையிலதான் இருக்குது," என்றார். அந்த வண்டி அன்றைக்குப் போன வேகத்தில் இண்டூர் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள் முன்கூட்டியே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒரே பயம். அது அத்தை எருமைக்குத் தீனி வைக்கிற நேரம். எங்கள் கொல்லை ரோட்டிலிருந்தே தெரியும். எட்டிப் பார்த்தால், நினைத்த மாதிரியே அத்தை இரண்டு கையிலும் வாளியோடு தொட்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். நான் படியில் தொங்கிக்கொண்டு கத்தினேன்.

"அத்த! எருமைக்குப் போடாதீங்க! அத்தே!"

காற்றில் என் குரல் போய்ச் சேரவில்லை. டிரைவர் ஹாரனில் கை வைத்து எடுக்கவே இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம், என்ன ஏது என்று தெரியாமலே, "எருமைக்குப் போடாதீங்க!" என்று சேர்ந்து கத்தினார்கள். அத்தை வாளியைப் பிடித்தபடியே சிலையாக நின்றுவிட்டார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாராம், பிறகு சொன்னார்.

மீதியெல்லாம் கையும் காலும் பறக்கப் பறக்க நடந்தது. கூடையிலிருந்த செங்காயைக் கொட்டிவிட்டு, குவியலில் நசுங்காததைப் பொறுக்கினோம். செடியில் தொங்கியதைப் பறித்தோம். எங்கள் வீட்டுக்காரர் கூட வாயைத் திறந்து, "அந்தக் கோடியில நல்ல பழமா இருக்குது," என்று ஒரு முழு வாக்கியம் பேசினார். பென்னாகரத்திலிருந்து எதிர் வண்டி வரும் சத்தம் கேட்டபோது இரண்டு கூடையும் நிரம்பியிருந்தன. ஆனால் பழுத்ததை டாப்பில் போட முடியாது. மூட்டைக்கு அடியில் மாட்டினால் மண்டிக்காரர் சொன்ன சட்னிதான். மடியில்தான் வைத்துக்கொண்டு போக வேண்டும். கூடை இரண்டு, என் மடி ஒன்று.

அத்தை சேலையை உதறிச் செருகினார். "நட, நானும் வரன்."

கேண்டீனில் நாங்கள் போய் நின்றபோது பாய் கடிகாரத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார். உடனே பழத்தைக் கழுவப் போட்டார். அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டைகள் வந்து பெஞ்சு நிறைந்தது. இலையில் ரசம் ஓடியது. உள்ளங்கையைக் குழித்து நீட்டி, ஊற்றச் சொல்லிக் குடித்தார்கள். "பாய், இன்னிக்குக் கை மாறிடுச்சா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

பாய் எங்களையும் உட்காரவைத்து ஆளுக்கு ஒரு டம்ளர் ரசம் கொடுத்தார். அத்தை குடித்துவிட்டு, "உப்பு கம்மி," என்றார். சொல்லிவிட்டு டம்ளரை மறுபடி நீட்டினார்.

எதிர் பெஞ்சிலிருந்த டிரைவர் ஒருவர், "யாரு கொல்லைத் தக்காளிங்க இது?" என்று கேட்டார். "எங்களுது," என்றார் அத்தை. நேற்றுவரை அது "உன் தக்காளி"யாக இருந்தது. நான் குனிந்து ரசத்தைக் குடித்தேன், சிரிப்பு வெளியே தெரிந்தால் வம்பு.

சனிக்கிழமையும் இரண்டு கூடை. அன்றைக்கே பாய் என்னை, பக்கத்துத் தெருவில் கல்யாணச் சமையல் செய்கிற தன் மச்சானிடம் அனுப்பினார். அவர் பிரியாணிக்கு மூன்று கூடை கேட்டார். அவர் சொல்லி, மாணவர் விடுதிச் சமையல்காரர் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் கொண்டுவரச் சொன்னார். கொட்டகை ஓரத்துக் குவியல் காணாமல் போனது. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் வந்து, "எங்க பழத்தையும் சேத்து எடுத்துட்டுப் போறியாம்மா?" என்று கேட்டார்கள். எருமை மட்டும் இரண்டு நாள் தொட்டியைப் பார்த்துக் கத்தியது.

இந்தச் சந்தோஷத்தில் ஏரை வரவேண்டாம் என்று சொல்ல மறந்தே போனோம். திங்கட்கிழமை விடிந்ததும் மாட்டுமணிச் சத்தம் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவிழ்ந்த தலையோடு கிணற்றுக் கொல்லைக்கு ஓடினேன். ஏர்க்காரர் மாட்டைப் பூட்டித் தயாராக நின்றிருந்தார். அத்தை வரப்பில் உட்கார்ந்து முதல் வண்டிக்குப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்துங்கம்மா ஓட்டட்டும்?" என்று ஏர்க்காரர் வழக்கம்போல அத்தையைக் கேட்டார்.

அத்தை தலையைத் தூக்கவில்லை. பழத்தை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக் கூடையில் வைத்தபடியே சொன்னார்.

"என்னைய ஏன் கேக்கற? கெழக்கால கொல்லையிலயும் தக்காளி நாத்து வுடணுமாம். அவள கேளு."

ஏர்க்காரர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு நின்றார். நாள் முழுக்க வாயாடுகிற எனக்குப் பேச்சே வரவில்லை. கிழக்குப் பக்கம் கையை மட்டும் நீட்டிக் காட்டினேன்.