மூன்றாவது மரத்தைக் கட்டும்வரை

என் கணவரின் வலது கையிலிருந்து மரம் நழுவியபோது அவரைத் திட்டினேன். நோய் எங்களுக்கு முதலில் அப்படித்தான் தெரிந்தது.

ஆந்திர எல்லையிலுள்ள சத்தியவேட்டில் எங்கள் மொட்டைமாடியில், தட்டையான பாறைப் பலகை ஒன்றில் மூன்று போன்சாய் ஆலமரங்களை நட்டுக்கொண்டிருந்தோம். அவர் மரத்தைப் பிடிக்க வேண்டும். நான் வேரைப் பாறையோடு சேர்த்துக் கம்பியால் கட்ட வேண்டும். எனக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. ஞாயிறு மட்டும்தான் விடுப்பு. அதற்காகவே அவர் காத்திருந்தார்.

“கை மரத்துக்கினு வருது,” என்றார். மணி பத்து.

“வேரெல்லாம் வெளிய கெடக்குது, காஞ்சிடும். மூணாவதையும் கட்டிட்டு அப்பால படுத்துக்குங்க,” என்றேன்.

களிமண் அணைத்துப் பாசி ஒட்டி முடித்தபோது மதியம் ஒன்றைத் தாண்டியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவரின் வாயோரம் சோறு வழிந்தது. பேச்சு குழறியது. கார் பிடித்துத் திருப்பதி போய்ச் சேர நான்காகிவிட்டது.

“எப்புடு மொதலைந்தி?” எப்போது தொடங்கியது என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். பத்து மணிக்கு என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது). அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டுமாம்.

“இப்ப போட்டா மூளையில ரத்தம் கசியலாம்மா,” என்று தமிழில் சொன்னார்.

வலது காலின் அசைவு ஓரளவு திரும்ப மூன்று மாதம் ஆனது. கை திரும்பவில்லை. அஃபேசியா (நினைத்த சொல் வாய்க்கு வராத நிலை) இன்னும் முழுதாக விலகவில்லை. மாடியில் மூன்று மரங்களும் துளிர்த்திருந்தன. பார்க்கவே எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் தண்ணீர் ஊற்றினேன்.

ஒருநாள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது சொல்லிவிட்டேன். “அன்னிக்கு ஒடனே இட்டுக்கினு போயிருக்கணும். மரந்தான் பெருசுன்னு இருந்துட்டேன்.”

நெடுநேரம் சொல் தேடினார். “காலைல... எழுந்துக்கும்போதே... மரத்துப்போச்சு. சொல்லல. உனக்கு... ஒரு நாளுதான... லீவு.”

அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மரம் நட்ட அன்று காலை காபி டம்ளரை அவர் இடது கையால் வாங்கினார். பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது திடீரென்று கை மரத்தால், மணியைக் குறித்துக்கொண்டு உடனே கிளம்பிவிடுங்கள். கையில் இருக்கும் வேலை எதுவானாலும் கிடக்கட்டும்.

இப்போது தினமும் விழித்ததும், வாய் கோணுகிறதா என்று பார்க்க அவரைச் சிரிக்கச் சொல்கிறேன், இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறேன். இடது கை மட்டும் முழுதாக எழும். பிறகு அவர் என்னைப் பார்த்து, “நீயும்,” என்கிறார்.

நானும் தூக்கிக் காட்டுகிறேன். அதற்கப்புறம்தான் எங்களுக்குப் பொழுது விடிகிறது.